ஐந்து பாட்டு, ஒரு நெடில்



போன மாதம் இசைப் பக்கத்துக்கு இடம் பிரிக்கும்போது அலுவலகத்தில் சின்னதாக ஒரு வாக்குவாதம். எங்கள் உதவி ஆசிரியர் என்னைவிட முப்பது வயது இளையவர். நியூசிலாந்துப் பாடகி லார்டின் குறுந்தொகுப்பு ஒன்றைப் பற்றி எழுதி எடுத்து வந்திருந்தார். 2021 செப்டம்பரில் வந்த தொகுப்பு. மொத்தமே ஐந்து பாட்டு. ஐந்தும் அதற்கு மூன்று வாரம் முன்பு வந்த அவருடைய ஆங்கில முழுத்தொகுப்பில் இருந்தவை. அதே மெட்டில் நியூசிலாந்து மூத்தகுடிகளின் மாவோரி மொழியில் மறுபடி பாடியிருக்கிறார்.

"அஞ்சு பாட்டுக்கு முழுப் பக்கமாம்மா?" என்றேன். அதுவும் டப்பிங் பாட்டுக்கா என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. முகம் கேட்டிருக்கும்.

"நீங்க ஒரு தடவை கேளுங்க சார். அப்புறம் வெட்டுங்க."

கேட்டேன். இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். பிறகு அந்த வாரம் முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் இந்த மாதம் என் பக்கமும் அந்தத் தொகுப்புக்கே போகிறது. பொறுத்தருள்க.

குறுந்தொகுப்பு என்று நாங்கள் அச்சில் போடுகிறோமே தவிர, என் வயதுக்காரர்களுக்கு அது இ.பி.தான். கல்யாண வீட்டு மைக் செட்காரரின் மரப்பெட்டியில் இரண்டு அளவு ரெக்கார்டுகள் இருக்கும். பெரியது எல்.பி. உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது இ.பி. அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. விக்டர் கம்பெனி 1952-இல் கொண்டுவந்த வடிவம் அது. நிமிடத்துக்கு 45 சுற்று, ஒரு பக்கத்துக்கு ஏழரை நிமிடம் போல. நம் சினிமாப் பாட்டு அதில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு அடங்கிவிடும். படத்தில் ஆறு பாட்டு இருந்தால் எந்த இரண்டை விடுவது என்று கம்பெனி முடிவு செய்யும். விடுபட்டது பெரும்பாலும் நமக்குப் பிடித்ததாக இருக்கும். ரெக்கார்டு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இன்று தட்டே இல்லாத நான்கைந்து பாட்டுக்கும் அதே பெயர்தான்.

லார்டின் தொடக்கமும் இப்படி ஓர் ஐந்து பாட்டுதான். 2012 நவம்பரில், பதினாறு வயதில், 'தி லவ் கிளப்' என்ற இ.பி.யை இணையத்தில் இலவசமாக வைத்தார். அறுபதாயிரம் பேர் இறக்கிக்கொண்ட பிறகே கம்பெனி அதை விலைக்குக் கொண்டுவந்தது. அதிலிருந்த 'ராயல்ஸ்' 2013 அக்டோபரில் அமெரிக்கப் பட்டியலின் உச்சிக்குப் போய் ஒன்பது வாரம் இறங்க மறுத்தது. விரல் சொடுக்கு, மேளம், அடுக்கடுக்கான குரல் தவிர அதிகம் ஒன்றுமில்லாத பாட்டு. அடுத்த ஜனவரியில் கிராமி. அன்றைய விமர்சனங்களைப் புரட்டினால் பாட்டைவிட வயதே பெரிதாகத் தெரிகிறது. பதினாறு வயதா, பதினாறு வயதா என்று ஆளாளுக்கு வியந்திருக்கிறார்கள். சந்தேகப்பட்டு அவருடைய பிறப்புச் சான்றிதழையே வாங்கிப் பார்த்தவர்களும் உண்டு. 'சவுத் பார்க்' என்ற கேலிச்சித்திரத் தொடர், லார்ட் என்பவர் உண்மையில் மீசை வைத்த நாற்பத்தைந்து வயது நிலவியல் நிபுணர் என்று ஒரு கதையே பண்ணியது. அவர் அதைச் சிரித்துக்கொண்டு ஏற்றார் என்பது வேறு விஷயம்.

ஒன்பது ஆண்டு கழித்து வந்த இந்த இரண்டாவது ஐந்துக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். இந்த முறை வயது இல்லை, வேறொன்று முன்னால் வந்து நின்றுகொண்டது. அதற்கு வருகிறேன்.

2021 ஆகஸ்டில் வந்த 'சோலார் பவர்' அவருடைய மூன்றாவது முழுத்தொகுப்பு. கடற்கரை, வெயில், புகழிலிருந்து விலகிப் போய் மரஞ்செடிகளோடு இருப்பது என்று போகும். விமர்சகர்கள் அரைமனதாகத்தான் வரவேற்றார்கள். எனக்கும் முழுத்தொகுப்பு நடுவில் கொஞ்சம் தூக்கம் வரவழைத்தது. அதை எழுதிக்கொண்டிருந்தபோது ஒன்று தனக்கு உறைத்ததாக லார்ட் சொன்னார். தான் இயற்கையைப் பேண வேண்டும் என்று பாடுவதெல்லாம் தன் ஊரின் மூத்தகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவதுதான். அதற்கு மாவோரியில் 'கைதியாகிதங' என்று ஒரு சொல்லே இருக்கிறது. மண்ணுக்கும் நீருக்கும் உடைமையாளராக இல்லாமல் காவலாக இருப்பது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் ஐந்து பாட்டு மொழி மாறியது. தொகுப்பின் வருமானம் நியூசிலாந்தின் இரண்டு அறப்பணி அமைப்புகளுக்கு. அவர் மாவோரி அல்லர். தாய்வழி குரோவேஷியா, தந்தைவழி அயர்லாந்து. அந்த மொழியில் தான் தேர்ந்தவள் அல்ல என்பதை அவரே முதலில் சொல்லிவிட்டார்.

மொழிபெயர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஹானா மெரெரைஹா, ஹேமி கெல்லி, சர் தீமொத்தி காரெத்து. கெல்லி, நாவலாசிரியர் விட்டி இஹிமைராவை மாவோரியில் தந்தவர். காரெத்து, 1987-இல் மாவோரி அலுவல் மொழியானபோது அமைந்த மொழி ஆணையத்தின் முதல் தலைவர். ஒரு பாப் பாடகியின் கடற்கரைப் பாட்டுக்கு அவ்வளவு பெரியவர் பேனா பிடித்தார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

மொழிபெயர்ப்பைத் திருத்தியே பாதி ஆயுளைக் கழித்தவன் என்பதால், எனக்கு முதலில் கண்ணில் பட்டது தலைப்புகள். 'தி பாத்' என்றால் பாதை. மாவோரியில் அது 'தெ அர திக' ஆகியிருக்கிறது. வெறும் பாதை அல்ல, சரியான பாதை, நேர்வழி. 'ஃபாலன் ஃப்ரூட்', உதிர்ந்த கனி, 'ஹுஅ பிரௌ' ஆகிவிட்டது. அழுகிய கனி. உதிர்ந்ததைப் பொறுக்கித் தின்னலாம். அழுகியதை என்ன செய்வது? 'சோலார் பவர்' என்ற தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு குறும்பு உண்டு. கூரைத் தகட்டையும் நினைவுபடுத்தும், வெயிலில் கிடக்கும் சுகத்தையும் சொல்லும். மாவோரியில் அதன் பெயர் 'தெ அஒ மாரம'. ஒளியுலகம். தொகுப்புக்கும் அதுவே பெயர். மாவோரிப் படைப்புக் கதையில் முதலில் வெறுமை, பிறகு நீண்ட இருள், அதன் பிறகு திறப்பது அந்த ஒளியுலகம். கூரைத் தகட்டிலிருந்து படைப்புக் கதைக்கு ஒரே தாவு. குறும்பு போய்விட்டது என்று வருத்தப்படுபவர்கள் படலாம். நான் கொஞ்சம் படுகிறேன்.

கடைசிப் பாட்டின் ஆங்கிலத் தலைப்பு 'ஓஷியானிக் ஃபீலிங்'. கடல்போல் எல்லையற்றுக் கரைந்துபோகும் உணர்வு. இந்தத் தொடரை முதலில் சொன்னவர் பிரெஞ்சு எழுத்தாளர் ரொமெய்ன் ரோலந்து, 1927-இல் ஃப்ராய்டுக்கு எழுதிய கடிதத்தில். அப்போது அவர் மனத்தில் இருந்தவர் நம் ராமகிருஷ்ண பரமஹம்சர். இரண்டு ஆண்டில் பரமஹம்சரின் வாழ்க்கையையே எழுதி வெளியிட்டார். தட்சிணேசுவரத்திலிருந்து சுவிட்சர்லாந்து, வியன்னா வழியாக ஆக்லாந்து வரை வந்த சொல். மாவோரி மொழிபெயர்ப்பு அதைச் சுமக்கவில்லை. 'ஹினெ-இ-தெ-அவதெஅ' என்று, பகல் வெளிச்சத்தின் பெண்ணாக, அந்தப் பாட்டுக்குப் புதிதாகப் பெயர் சூட்டிவிட்டது. இதை நான் தப்பித்தல் என்று சொல்லமாட்டேன். பாட்டில் இருப்பது ஒரு குடும்பமும் ஒரு கடற்கரையும். ஃப்ராய்டு அங்கே வேண்டாத விருந்தாளிதான்.

இப்போது ஒரு சின்ன இலக்கண வகுப்பு. மாவோரியில் மெய்யொலிகள் பத்துதான். உயிர் ஐந்து, ஐந்துக்கும் குறில் நெடில் உண்டு. அசை எதுவும் மெய்யில் முடியாது. எல்லாமே உயிரில் போய்த்தான் நிற்கும். குறில் நெடில் பொருளையே மாற்றும். 'வஹினெ' என்றால் பெண், 'வாஹினெ' என்றால் பெண்கள். ஆங்கில எழுத்தில் எழுதும்போது நெடிலுக்குத் தலையில் ஒரு கோடு போட வேண்டும். பத்திரிகைகள் பல காலம் அந்தக் கோட்டைப் போடாமலே காலம் தள்ளின. தமிழ் எழுத்தில் கோடும் வேண்டாம், குறியும் வேண்டாம். எகரம் ஏகாரம், ஒகரம் ஓகாரம் எல்லாம் நம்மிடம் தயாராக இருக்கின்றன. இன்னொன்று, ஙகரம். ஆத்திசூடிக்கு வெளியே சொல்லின் முதலில் ஙகரத்தை நாம் பார்ப்பது அரிது. மாவோரியில் அது சர்வசாதாரணம். நம் அச்சுக்கோப்பில் சும்மா கிடந்த எழுத்துக்கு அங்கே நிறைய வேலை.

மெட்டுக்குப் பாட்டெழுதுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலி என்று நம் சினிமாக் கவிஞர்களைக் கேட்டால் தெரியும். இசையமைப்பாளர் தத்தகாரம் சொல்வார். நீண்டு நிற்கும் சுரத்தில் நெடில் விழ வேண்டும். குறிலைக் கொண்டுபோய் நிறுத்தினால் சொல் சிதையும். இங்கே மெட்டு ஆங்கிலத்துக்காகப் போட்டது. ஆங்கிலச் சொல் மெய்யில் மூடிக்கொண்டு முடியும், அழுத்தத்தால் ஓடும். அந்தச் சட்டையை வேறு உடம்புக்கு மாட்டியிருக்கிறார்கள். லார்ட் ஆங்கிலத்தில் பாடும்போது குரலைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, உயிரெழுத்தை மென்று, பாதியை விழுங்கிவிடுவார். அதுவே அவருடைய முத்திரை. மாவோரியில் விழுங்க முடியவில்லை. ஒவ்வொரு அசையிலும் வாயைத் திறந்தாக வேண்டும். முழுத்தொகுப்பில் தூங்கி வழிந்த குரல் இங்கே விழித்திருப்பதாக எனக்குப் பட்டதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதைப் பற்றி விமர்சகர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடினால், நான் படித்தவற்றில் மிகச் சிலவே இதைத் தொட்டன. வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு இந்தத் தொகுப்பு ஒரு செய்தி. விமர்சனம் பண்ணும் விஷயமாகப் படவில்லை. உள்ளூரில் எழுந்த கேள்வி வேறு: இவர் பாடலாமா? வரவேற்றவர்கள் மனமாரவே வரவேற்றார்கள். உலகம் அறிந்த குரலில் தங்கள் மொழி ஒலிப்பது அவர்களுக்குப் பெரிய காரியம். வருந்தியவர்களின் வருத்தமும் பொய்யில்லை. பல்லாண்டுகளாக மாவோரியில் பாடிவரும் மாவோரிப் பாடகர்களுக்கு வராத வெளிச்சம், ஒரு வெள்ளைக்காரப் பெண் ஐந்து பாட்டுப் பாடியதும் வந்துவிட்டதே என்றார்கள். சொந்த மொழியை இழந்த வீட்டில் பிறந்து, முப்பது நாற்பது வயதில் கூச்சத்தோடு வகுப்பில் போய் உட்கார்ந்து அதைக் கற்பவர்கள் அங்கே ஏராளம். எங்களிடமிருந்து பிடுங்கப்பட்டது இவருக்கு எப்படி இவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்று அவர்களுக்குத் தோன்றுவதில் என்ன தப்பு? 19-ஆம் நூற்றாண்டின் பள்ளிச் சட்டத்திலிருந்து வருகிறது அந்த இழப்பு. வகுப்பில் மாவோரி பேசிய பிள்ளைகளை அடித்தார்கள். அடி வாங்கியவர்கள் பெற்றோரானபோது, பிள்ளையாவது தப்பிக்கட்டும் என்று வீட்டிலும் பேசாமல் விட்டார்கள். 2018 கணக்கெடுப்பில் அன்றாடப் பேச்சு அளவுக்கு மாவோரி தெரிந்தவர்கள் சுமார் 1,86,000 பேர். மக்கள்தொகையில் 4 சதவீதம்.

இந்தச் சண்டை லார்டோடு தொடங்கியதும் இல்லை. தொகுப்புக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஹினெவெஹி மொஹி. மாவோரிப் பாடகி. 1999 அக்டோபரில், லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில், ரக்பி உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் நியூசிலாந்து தேசிய கீதத்தைப் பாட அழைத்திருந்தார்கள். அவர் அதை மாவோரியில் மட்டும் பாடினார். அவர் இட்டுக்கட்டிய மொழிபெயர்ப்பு இல்லை அது. 1878 முதல் இருப்பது. ஆனாலும் ஊரில் புயல் வீசியது. வானொலிக்கும் பத்திரிகைக்கும் போன் போட்டுத் திட்டினார்கள். அன்று திட்டு வாங்கிய மாவோரி வரிகள் இன்று மரபாகிவிட்டன: முதலில் மாவோரி, பிறகு ஆங்கிலம். இருபது ஆண்டு நிறைவாக 2019-இல் அவர், புகழ்பெற்ற நியூசிலாந்துப் பாடகர்களைத் தங்கள் பாட்டுகளை மாவோரியில் மறுபடி பாடவைத்து ஒரு தொகுப்புக் கொண்டுவந்தார். அது நாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. லார்டின் ஐந்து பாட்டு அந்தக் கிளையில் காய்த்தது.

இன்னும் பின்னால் போனால் 'பொய் ஈ' வரும். வாசகர்கள் அவசியம் தேடிக் கேட்க வேண்டிய பாட்டு. பாத்தெயா என்ற சின்ன ஊர். 1982-இல் அங்கிருந்த இறைச்சி பதப்படுத்தும் ஆலையை மூடினார்கள். ஊரே வேலையில்லாமல் நின்றது. அந்த ஊரில் வேர்கொண்ட டல்வேனியஸ் பிரைம் மெட்டுப் போட, மூதாட்டி ஙொய் பேஃபைரங்கி சொல் எழுத, ஊர்க் கலைக்குழு பாடியது. மரபான குழுப்பாட்டுக்குக் கீழே இயந்திர மேளம். கம்பெனிகள் ஒன்றும் சீண்டவில்லை. டல்வேனியஸ் தாமே ஒரு கம்பெனி ஆரம்பித்து வெளியிட்டார். 1984-இல் நான்கு வாரம் முதலிடம். 2010-இல் 'பாய்' என்ற படத்தில் வந்து, இருபத்தாறு ஆண்டு கழித்து மறுபடி பட்டியலில் ஏறியது. அந்த ஒரு பாட்டை வைத்துப் பார்த்தால் லார்டின் ஐந்தும் கொஞ்சம் சோனிதான். ஆலை மூடிய ஊரின் தெம்பு வேறு, கடற்கரை ஓய்வு வேறு. பாடலாமா என்று கேட்டவர்களின் கோபத்துக்குப் பின்னால் இந்தத் தெம்பின் நினைவும் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஐந்தில் ஒன்று இந்தச் சண்டையையே தனக்குள் வைத்திருக்கிறது. 'ஹுஅ பிரௌ', அந்த அழுகிய கனி. ஆங்கில மூலத்தில் அது முன்பு வந்த தலைமுறையைப் பார்த்து ஓர் இளம்பெண் சொல்லும் குற்றச்சாட்டு: பூமியை இப்படியா எங்களிடம் விட்டுப் போவீர்கள்? பருவநிலை மாற்றம் பற்றிய பாட்டு என்று எல்லோரும் குறிப்பிட்டார்கள். அது மாவோரிக்குப் போனதும் 'முன்பு வந்தவர்கள்' யார்? மாவோரி வழக்கத்தில் முன்னோர் வணக்கத்துக்குரியவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லித்தான் தன்னை அறிமுகமே செய்துகொள்வார்கள். அவர்களையா குற்றம் சொல்ல முடியும்? ஆகவே விரல் தானாகவே வேறு பக்கம் திரும்புகிறது. கப்பலில் வந்து காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கியவர்கள் பக்கம். பாடுகிறவர் அவர்களின் பேத்தி. அவர் இதை நினைத்துப் பாடினாரா என்று நான் சொல்ல முடியாது. மொழி மாறியதும் குற்றவாளிக் கூண்டில் பாடகியும் ஏறிவிட்டார். பாடலாமா கூடாதா என்று வாதிட்ட இரண்டு தரப்பும் இந்தப் பாட்டை இன்னும் நிறுத்தி நிதானமாகக் கேட்டிருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

உதவி ஆசிரியரின் கட்டுரை முழுப் பக்கமாகவே இந்த இதழில் வருகிறது. வெட்டவில்லை.

ஒரு வேடிக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். மெய்ப்புப் பார்க்கும் எங்கள் பெரியவர் கட்டுரையில் 'தெ அஒ மாரம' வந்த இடங்களில் எல்லாம் சிவப்பு மையில் 'தே' என்று திருத்தி, 'அஒ' மேல் ஒரு கேள்விக்குறியும் போட்டு அனுப்பிவிட்டார். போய் விளக்கினேன். குறில்தான் ஐயா, நெடில் ஒன்றே ஒன்று, மா மட்டும். அவர் விட்டபாடில்லை. "எழுத்துல குறில் சரி. அந்தப் பொண்ணு பாடறப்போ குறிலாத்தான் பாடுதா?" என்றார்.

உதவி ஆசிரியர் போனை எடுத்துப் பாட்டை ஓடவிட்டார். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, பேனாவைப் பிடித்தபடியே, தலையைச் சாய்த்துக் கேட்டார். முதல் தடவை ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொரு வாட்டி" என்றார். இரண்டாம் தடவை தலைப்புச் சொல் வந்த இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"மா சரியா விழுது" என்று சொல்லி, தாம் போட்ட திருத்தங்களை ஒவ்வொன்றாக அடித்தார்.

அன்புடன்,
ஆசிரியர்